நேசபாயின் சிரட்டை

நேசபாயக்கா எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டாள், லாபம் என்பாள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். களத்தில் நெல் அளக்கிறவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. வாத்து எண்ணுகிறவர்கள் சொல்லி நான் கேட்டது இவளிடம் மட்டும்தான். சபையில் அறுவடைப் பண்டிகை ஏலத்துக்கு முட்டை கொண்டுபோனபோது அங்கேயும் லாபம் என்று தொடங்கி, போதகரே சிரித்துவிட்டாராம். "அவரு சிரிச்சா சிரிக்கட்டும் சாறே. ஒண்ணுன்னு தொடங்கினா எனக்கு ரெண்டு வராது," என்றாள்.

நான் கால்நடை ஆய்வாளர். பெயர் தாணுமாலயன். கோழிக்குத் தடுப்பூசி, மாட்டுக்குச் சினை ஊசி, நடுநடுவே கணக்கெடுப்பு என்று இருபத்தாறு வருடம் ஓட்டியாயிற்று. போகிற இடமெல்லாம் டாக்டர் என்பார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை நெடுங்கரைக்குளத்தில் நடந்ததைப் பற்றி ஒரு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். அதில் பிழை இல்லை, எல்லா எண்ணும் சரி. நேசபாயக்காவின் பெயர் அதில் ‘உரிமையாளர்’ என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு தடவை வருகிறது. அது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அவள் பிறந்தது குழித்துறைப் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினாறு வயதில் முந்திரி ஆலைக்குப் போனாள். கொட்டையை உடைக்க உடைக்க அதன் எண்ணெய் பட்டு விரல் கறுத்துப்போகும், தோல் உரியும். கல்யாணம் முடிந்தும் அந்த விரலோடுதான் இருபது வருடம் வேலை பார்த்தாள். கணவர் செல்வதாஸும் பால்வெட்டுதான். கேரளத்தில் ஒரு எஸ்டேட்டில் தங்கி வேலை, மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். ஒரே மகள் அஜிதா நர்ஸ் படித்துக் குவைத்துக்குப் போனாள். போனதும் அம்மாவிடம், இனி ஆலைக்குப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரி என்று வேலையை விட்டு நின்ற நேசபாயக்கா நாலு நாள் வீட்டில் இருந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் ஐம்பது வாத்துக்குஞ்சு வாங்கிவிட்டாள்.

"முந்திரி நம்மளக் கண்டா கத்துமா சாறே? தாரா கத்தும்லா," என்று எனக்குக் காரணம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் வாத்தைத் தாரா என்றுதான் சொல்வோம்.

அந்த ஐம்பது, ஒன்பது வருடத்தில் முந்நூற்றுப் பதினெட்டு ஆகியிருந்தது. வயலில் பயிர் நிற்கும் காலம் குளத்தில் மேயும். அறுவடை முடிந்தால் தாள் நிற்கிற வயல்களில் இறங்கும். முட்டை குழித்துறைக் கடைகளுக்குப் போகும். வீடு குளத்தின் மேற்குக் கரையில் இருந்ததால் காவலுக்கு ஆள் வைக்கவில்லை. ஆள் வைத்திருந்தாலும் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டான். வாத்து விஷயத்தில் அவளுக்கு யார் செய்தாலும் திருப்தி வராது. நான் தடுப்பூசி போடும்போதே, "கழுத்தப் பிடிக்காதிய, செறகப் பிடிங்க," என்று தலைக்குமேல் நின்றுகொண்டிருப்பாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியில் அடைப்பாள். குளத்தங்கரையில் வலை கட்டி அடைத்த இடம்தான் பட்டி. ஒரு வாத்து மட்டும் நுழைகிற அளவுக்கு வாசல். வாசலில் ஒரு தென்னங்குற்றி, வெட்டிய தென்னையின் அடிக்கட்டை. அதன் தலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. பா, பா, பா என்று அவள் குரல் கொடுத்தால் அக்கரையிலிருந்து கூட வரிசையாக வந்துவிடும். இருபது நுழைந்ததும் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை போடுவாள். பதினைந்து கொட்டையும் அதற்குமேல் பதினெட்டு வாத்தும் வந்தால் கணக்கு நிறைந்தது. கொட்டைகளை மடியில் கொட்டிக்கொண்டு, சிரட்டையைக் குற்றியின்மேல் கவிழ்த்து வைப்பாள். குறைந்தால் கவிழ்க்க மாட்டாள். சிரட்டையைக் குற்றியில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தேடப் போவாள். தேட ஆள் வந்தது பிறகுதான்.

ஓரி வந்தது என்னால். நாகர்கோவிலில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியா போகும்போது மூன்று மாதக் கறுப்பு லாப்ரடார் குட்டி ஒன்றை என் தலையில் கட்டினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ஓரியோ என்று பிஸ்கட்டின் பெயரை வைத்திருந்தார்கள். என் மனைவி சுபிதா ஒரு வாரம் பொறுத்தாள். மூன்று ஜோடி செருப்பு போனபிறகு, "இந்த வீட்டுல நாயா நானா?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லாமல் யோசித்தது தப்பாகிவிட்டது. மறுநாளே குட்டியை நேசபாயக்காவிடம் கொண்டு விட்டேன். ஓரியோ என்று இழுக்க அவளுக்கு நேரமில்லை, ஓரி ஆக்கிவிட்டாள்.

ஆறு மாதக் குட்டியாக இருக்கும்போது ஒரு நாள் காலையில் போன் வந்தது. "சாறே, உங்க நாய் என் தாராவக் கடிச்சு கொன்னுட்டு," என்று ஒரே சத்தம். நல்லது நடந்தால் அவளுடைய நாய், கெட்டது நடந்தால் என்னுடையது. நான் பைக்கில் போய்ச் சேருமுன் தென்னை மட்டையால் அதை நாலு சாத்து சாத்தியிருந்தாள். அடித்தும் அது ஓடவில்லையாம், வாத்தை விடவும் இல்லையாம். அடியை வாங்கிக்கொண்டே வந்து அவள் காலடியில் வாத்தை மெதுவாக வைத்ததாம். வாத்து எழுந்து உடம்பை உதறிவிட்டு, திட்டிக்கொண்டே போய்விட்டதாம். ஒரு சிறகு உதிரவில்லை.

"இது வெள்ளைக்காரன் வேட்டைக்குன்னு உண்டாக்கின சாதியாக்கும் அக்கா," என்றேன். "அவன் தாராவ சுடுவான். இது தண்ணில இறங்கி, பல்லு படாம எடுத்துட்டு வந்து கையில குடுக்கும்."

"சுடுகதுக்கு இஞ்ச யாரு இருக்கா? எனக்கு உயிரோட எடுத்துட்டு வந்தா போதும்."

அன்றைக்கு அடித்தது அவளுக்குப் பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் படித்த ஒரு விஷயத்தை நான் வேறு சொல்லி வைத்தேன். இந்தச் சாதி நாய் இளசாக இருக்கும்போது எதை எடுத்து வந்தாலும் ஒவ்வொரு தடவையும் பாராட்ட வேண்டும். கொண்டுவந்ததற்கு ஒரு தடவை திட்டினாலும் மனசு விட்டுப்போகும், பிறகு எடுத்தே வராது என்று. அவளுக்கு அது வேதவாக்கு ஆயிற்று. அதற்குப் பிறகு ஓரி எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்குவாள். நல்ல பிள்ளை என்று தலையில் தடவி, முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற நெத்திலிக் கருவாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். என் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அதற்கு நெத்திலி கிடைத்தது.

ஒன்றேகால் வயதில் ஓரி முழு வேலைக்காரன் ஆகிவிட்டான். அவள் எண்ணும்போது குற்றிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்ப்பான். சிரட்டை கவிழ்ந்தால் அங்கேயே படுத்துவிடுவான். டக் டக் என்று தட்டினால் குளத்தில் பாய்வான். தாமரைக்குள்ளே வழி தவறி நிற்பதை, அக்கரையில் தாழம்புதரில் மாட்டிக்கொண்டதை, ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு நீந்தி வருவான். எத்தனை குறைகிறது என்று அவனுக்குத் தெரியாது. சிரட்டை கவிழ்கிற வரை போய்க்கொண்டே இருப்பான். ஒரு மழைநாளில் ஏழு வாத்து கொண்டுவந்ததை, நான் அவள் போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டே பார்த்தேன். பிள்ளையைப் பெற்றவள் மாதிரி பெருமையாக என்னைப் பார்த்தாள். கொண்டுவந்து விட்டவன் நான் என்று எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது.

கிறிஸ்மஸுக்கு முன்னால் வெளியிலிருந்து ஒருவர் ஒரு பெரிய வாத்துக் கூட்டத்தோடு வந்து குளத்தின் தெற்குக் கோடியில் தங்கினார். ஒரு வாரத்தில் அவருடைய வாத்துகள் கழுத்து திருகி விழத் தொடங்கின. மாதிரி எடுத்து அனுப்பினோம். பறவைக் காய்ச்சல் என்று பதில் வந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழி, வாத்து எதுவும் உயிரோடு இருக்கக்கூடாது, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நேசபாயக்காவின் பட்டி அறுநூறு மீட்டரில் இருந்தது. குளத்தின் நடுவில் வடக்கேயிருந்து வந்த கிளுவைகள் என்கிற காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதந்துகொண்டிருந்தன. பறந்து போகிறவற்றுக்கு உத்தரவு போட முடியாது என்பதால் அவற்றுக்கு உத்தரவு இல்லை.

திங்கட்கிழமை நானே போய் எண்ணி முந்நூற்றுப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு வந்தேன். புதன்கிழமை சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். முன்கூட்டிச் சொல்லக்கூடாதுதான். மனசைத் தயார் செய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மனசை எப்படித் தயார் செய்வார்கள் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"நாளைக்கு காலையில ஏழு மணிக்கு வருவோம் அக்கா."

"எனக்க தாராவுக்கு தீனம் ஒண்ணும் இல்லியே சாறே."

"நோய் இல்லேன்னாலும் எடுக்கணும். உத்தரவு."

"முட்டை இடுகதையுமா?"

"எல்லாத்தையும்."

போனுக்குப் பின்னால் வாத்துகள் கத்தின. "செரி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காலையில் நாங்கள் எட்டுப் பேர் போனோம். தலை முதல் கால் வரை மூடுகிற வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை. எங்களுக்குத் தலைமை டாக்டர் ஜாஸ்மி. முப்பது வயது ஆகவில்லை, இந்தப் பக்கத்துப் பெண்தான், வேலைக்கு வந்து ஒரு வருடம். உடுப்புக்குள்ளே யார் எவர் என்று தெரியவில்லை. நேசபாயக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, என் நடையை வைத்துக் கண்டுபிடித்து என் எதிரே வந்து நின்றாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த தென்னையில் ஓரியைக் கட்டியிருந்தாள். அந்த நேரத்தில் அவனைக் கட்டி நான் பார்த்ததில்லை. அவளுடைய சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. முன்கையில் முள் கீறிய கோடுகள் புதிதாக இருந்தன.

அக்கரைத் தாழம்புதரின் முள்ளுக்குள் சில வாத்துகளை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் கணக்கு அட்டையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளை உடுப்பைக் கண்டு வாத்துகள் பட்டியின் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நாங்கள் பிடிக்கப் போனால் மிதிபட்டே பாதி செத்துவிடும் போலிருந்தது. டாக்டர் ஜாஸ்மி அவளிடம் போய், "அம்மா, நீங்க கூப்பிட்டா வருமா?" என்று கேட்டாள். கேட்க அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், குரல் இறங்கிப்போயிருந்தது. நேசபாயக்கா வாசலுக்குப் போனாள். பா, பா, பா என்றாள். எப்போதும் கூப்பிடுகிற அதே குரல். வாத்துகள் அமைதியாகி, வரிசையாக அவளைத் தாண்டி, நாங்கள் நீலத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்த பக்கம் நடந்தன.

"லாபம்," என்றாள் நேசபாயக்கா. நான் அட்டையில் எழுதத் தொடங்கினேன்.

இருபதுக்கு ஒரு புளியங்கொட்டை. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை. ஆலையில் கொட்டை உடைக்கும்போது அப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உடுப்புக்குள் வியர்வை ஓடுவது மட்டும் தெரிந்தது. பதினைந்து கொட்டை விழுந்து, அதற்குமேல் ஆறு வந்தது. முந்நூற்று ஆறு.

டாக்டர் ஜாஸ்மி திங்கட்கிழமைத் தாளைப் பார்த்தாள். "பன்னிரண்டு குறையுதே?"

"கீரி கொண்டு போச்சு," என்றாள் நேசபாயக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்கு நோய் இருந்தாலும் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஆனாலும், "கீரி உண்டு மேடம். கிறிஸ்மஸுக்கும் ரெண்டு மூணு வித்திருப்பாங்க," என்றேன். கிறிஸ்மஸ் திங்கட்கிழமைக்கு முன்பே முடிந்துவிட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மேடத்துக்குக் கட்டாயம் உறைத்திருக்கும். அவள் சிறிது நேரம் குளத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, முந்நூற்று ஆறுன்னே போடுங்க," என்றாள்.

பத்துப் பெட்டை, இரண்டு ஆண் என்று தேர்ந்து ஒளித்திருப்பாள். வாத்து வளர்க்கப் போட்ட தடை சில மாதத்தில் நீங்கியதும் அந்தப் பன்னிரண்டை வைத்து முட்டை அடைவைத்தால் இரண்டு வருடத்தில் மறுபடி ஒரு கூட்டம் ஆகிவிடும். எனக்கு நெஞ்சு லேசானது. அன்று முழுவதிலும் எனக்கு வந்த நல்ல நினைப்பு அது ஒன்றுதான்.

தார்ப்பாய்க்குப் பின்னால் நடந்ததை எழுதப்போவதில்லை. பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. குழி மூடிச் சுண்ணாம்பு போட்டார்கள். பட்டிக்குள் இருந்த தீனித்தொட்டி, வலை, கூடை எல்லாவற்றுக்கும் மருந்து அடிக்க வேண்டும். கையில் கிடைத்ததை நான் எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குற்றியின்மேல் சிரட்டை இருந்தது. உள்ளே பதினைந்து புளியங்கொட்டை. கொட்டியபோது கையுறை ஈரம் பட்டு இரண்டு மூன்று கொட்டை ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. சிரட்டையைக் குற்றியில் தட்டினேன். டக் டக்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எத்தனை சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டுச் சாயாவைக் குடித்திருக்கிறேன். தெரிந்தும் தட்டினேன். புத்தி வேறெங்கோ இருந்தது, கை அதன் வேலையைச் செய்துவிட்டது. இருபத்தாறு வருட சர்வீஸில் இதைவிடப் பெரிய மடத்தனம் நான் செய்ததில்லை.

ஓரி ஒரே இழுப்பு இழுத்தான். வளர்கிற பிள்ளை, கழுத்து நெருக்கும் என்று அவள் பட்டையை ஒரு துளை தளர்த்திப் போட்டிருந்தாள். பட்டை தலை வழியே கழன்று தென்னையில் தொங்கியது. அவன் எங்களுக்கு நடுவே ஓடிக் குளத்தில் பாய்ந்தான்.

"ஓரி!" என்று நான் கத்தினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேசபாயக்கா என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த சிரட்டையைப் பார்த்தாள். அவளும் கூப்பிடவில்லை. தட்டி அனுப்பிவிட்டு நடுவில் கூப்பிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

கறுப்புத் தலை ஒன்று தாமரை இலைகளை விலக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனது. கிளுவைகள் கூட்டமாக எழுந்து பறந்து மறுபடி இறங்கின. தாழம்புதர் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் தலை திரும்பி வந்தது. வாயில் ஒரு பழுப்பு வாத்து, உயிரோடு, கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டு வந்தது.

மருந்து அடிக்கிறவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். ஓரி கரையேறி, வெள்ளை உடுப்புகளைச் சுற்றிக்கொண்டு நேராக அவளிடம் போய் நின்றான். வால் அடித்த அடியில் தண்ணீர் எங்கள் மேலெல்லாம் தெறித்தது. அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள்.

"நல்ல பிள்ளை," என்றாள். தலையைத் தடவினாள். முந்தானையை அவிழ்த்து ஒரு நெத்திலி கொடுத்தாள். வாத்தைச் சிறகோடு சேர்த்துப் பிடித்து என்னிடம் நீட்டினாள். "லாபம்."

டாக்டர் ஜாஸ்மி போட்ட கையெழுத்து காய்ந்திருக்காது. தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். வேறு வழி இல்லை, பார்த்துவிட்டோம், எட்டுப் பேரும் பார்த்துவிட்டோம். ஓரி அதற்குள் மறுபடி தண்ணீரில் இருந்தான்.

அப்புறம் காத்துக்கொண்டிருந்தோம். வெயிலில் வெள்ளை உடுப்போடு எட்டுப் பேரும் கரையில் உட்கார்ந்து அவன் வருவதும் போவதுமாகப் பார்த்தோம். தன் காலத்தில் எந்த வெள்ளைக்காரனும் இப்படி ஒரு வாத்து வேட்டை பார்த்திருக்க மாட்டான். துப்பாக்கி இல்லை, ஒரு பறவைக்குக் காயம் இல்லை, நாய்க்கு அத்தனை சந்தோஷம். ஆறாவதுக்குப் பிறகு அவனுக்கு இளைத்தது. கரையேறி ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டுக் குற்றியைப் பார்த்தான். சிரட்டை கவிழவில்லை. மறுபடி இறங்கினான்.

சிரட்டை என் கையில்தான் இருந்தது. ஒரு எட்டு வைத்துக் குற்றியில் கவிழ்த்திருந்தால் நின்றிருப்பான், மிச்சம் ஆறு தப்பியிருக்கும். செய்யவில்லை. பன்னிரண்டு என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு ஆறோடு நிறுத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எட்டாவது வாத்தை வாங்கும்போது நான் மெதுவாகச் சொன்னேன், "அக்கா, இதுக்குமா அவனைப் பாராட்டணும்?"

"அவன் என்ன தப்பு செய்தான் சாறே? சொன்ன வேலையைச் செய்யுதான்," என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "எட்டு."

நெத்திலி ஒன்பதோடு தீர்ந்துவிட்டது. பத்தாவதுக்கு வீட்டுக்குள் போய் இன்னும் மூன்று எடுத்துக்கொண்டு வந்தாள். சரியாக மூன்று. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண்ணாடிக்குள் கண் கலங்கியது. துடைக்க முடியாது, கையுறை.

"பன்னெண்டு," என்று சொல்லிக் கடைசியைக் கொடுத்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. என் கையிலிருந்து சிரட்டையை வாங்கிக் குற்றியின்மேல் கவிழ்த்து வைத்தாள். ஓரி அப்படியே அதன் அடியில் விழுந்து தூங்கிவிட்டான். அவள் எங்களைப் பார்த்து, "எல்லாருக்கும் சாயா போடட்டா?" என்றாள். முகமூடியைக் கழற்றக்கூடாது என்று டாக்டர் சொன்னாள். "செரி," என்று கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

நாயையும் ஒரு ஊசியில் முடித்துவிட வேண்டும் என்று ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். டாக்டர் ஜாஸ்மி அவர்களை விரட்டிவிட்டாள். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்க்கச் சொன்னாள். நேசபாயக்காவுக்கும் பத்து நாள் மாத்திரை. நான் தினமும் பைக்கில் போய் இருவரையும் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் போனபோது தவிட்டைக் கரைத்து இரண்டு வாளியில் எடுத்துக்கொண்டு பட்டி வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் வாளியை இறக்கி வைத்தாள்.

பிறகு நான்தான் போவதைக் குறைத்தேன். மன்னிப்புக் கேட்க நாலு தடவை வாயெடுத்து நாலு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டு வந்தவன், ஐந்தாம் தடவை போக வெட்கப்பட்டேன். அதுதான் உண்மை.

ஏப்ரலில் தடை நீங்கிய உத்தரவு வந்தது. அதைச் சொல்லவேண்டிய கடமையில் ஒரு சாயங்காலம் போனேன். அவள் அப்போதுதான் வந்து கைகழுவிக்கொண்டிருந்தாள். விரல்கள் மறுபடி கறுத்திருந்தன. முந்திரி ஆலைக்கே திரும்பிப் போய்விட்டாளாம். அஜிதாவிடம் சொல்லவில்லையாம்.

"இனி குஞ்சு வாங்கலாம் அக்கா. நல்ல இடமா நான் பாத்துத் தாறேன்."

"வேண்டாம் சாறே," என்றாள். அவ்வளவுதான்.

ஐந்து மணி ஆனதும் ஓரி எழுந்து குளத்தங்கரைக்கு நடந்தான். வலை இல்லை, பட்டி இல்லை. தென்னங்குற்றி மட்டும் நின்றது. சிரட்டை கீழே மண்ணில் மல்லாந்து கிடந்தது. அவன் குற்றிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரட்டையைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான்.

"தினமும் இதாக்கும்," என்றாள் நேசபாயக்கா. "சிரட்டையக் கமத்தி வைக்காட்டா குளத்துல இறங்கிருவான். போன மாசம் ஒரு நாள் ஆலையில ஓவர்டைம், ஆறரை ஆயிட்டு. வந்து பாத்தா நீந்திட்டே கெடக்கான். குற்றிக்குக் கீழ ஒரு பாட்டில், ஒரு செருப்பு, ரெண்டு தேங்காத் தொண்டு. தாராவக் காணல்ல, கெடச்சத எடுத்துட்டு வந்து வச்சிருக்கான். அண்ணைக்கே ஓவர்டைம் வேண்டாம்னுட்டேன்."

"கவுத்தினது அப்படியே கெடந்தா என்ன அக்கா? எதுக்கு எடுத்து மல்லாத்திப் போடுகிய?"

"நான் எங்க மல்லாத்துகேன்? காலையில அவனே மூக்கால தள்ளிக் கீழ போட்டிருவான். ஒவ்வொரு நாளும் புதுக் கணக்குல்லா அவனுக்கு."

அவள் போய்ச் சிரட்டையை எடுத்து மண்ணைத் தட்டினாள், விரலால்தான், குற்றியில் இல்லை. பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணைக்கு நீங்கதானே தட்டினிய. இண்ணைக்கு நீங்க கமத்துங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் வாங்கிக் குற்றியின்மேல் கவிழ்த்து வைத்தேன். ஓரி என்னை நம்பவில்லை. சிரட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"எல்லாம் வந்தாச்சு மக்கா," என்றாள் நேசபாயக்கா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. "ஒண்ணும் கொறையல்ல. நல்ல பிள்ளை."

அவன் நெத்திலியை வாங்கிக்கொண்டு குற்றிக்கு அடியில் படுத்தான்.